மாம்பழப் பெட்டிக்கு ஒன்று, கொலுசுக்கு ஒன்று: தொகுப்புப் படங்களை எந்த வடிவத்தில் சேமிப்பது?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தன் காபிப் பொட்டலத்துக்கு வடிவமைப்பாளர் தேடிக்கொண்டிருந்தார். யாரோ என் பெயரைச் சொல்ல, நான் செய்த வேலைகளின் தொகுப்பு (போர்ட்ஃபோலியோ) இருக்கும் என் இணையதள முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்கள் பக்கம் திறந்தது. பெயர் வந்தது. படம்தான் ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் கட்டமாகவே நிற்கிறது" என்றார். தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கோடு சிக்னலில் பார்த்திருக்கிறார்.

அன்று மாலையே கணக்குப் போட்டேன். முதல் பக்கத்தில் 24 படங்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 எம்பி. ஆக மொத்தம் 48 எம்பி. நொடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைத்தால்கூட (8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி) எல்லாம் இறங்கி முடிய 96 நொடி ஆகும். யார் காத்திருப்பார்கள்? அதே படங்கள் தலைக்கு 200 கேபி என்று இருந்தால் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். அதுவும் முதலில் கண்ணில் படும் நான்கைந்து படங்கள் இரண்டு நொடியில் வந்துவிடும்.

அதன்பிறகு தொகுப்பில் இருந்த நாற்பது வேலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஜேபெக் (JPEG), பிஎன்ஜி (PNG), வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF), எஸ்விஜி (SVG) என்று ஐந்து படக் கோப்பு வடிவங்களிலும் சேமித்து அருகருகே வைத்துப் பார்த்தேன். "எது சிறந்தது" என்று கேட்பவர்களுக்கு ஒற்றை வார்த்தையில் விடை சொல்ல முடியாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மாம்பழப் பெட்டிக்குப் பொருந்துவது கொலுசுக்குப் பொருந்தவில்லை. சேலத்தில் நாம் செய்யும் வேலைகளை வைத்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு

வடிவத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். அச்சகத்துக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, என்பது கைப்பழக்கம். ஏ4 தாளுக்கு அந்தக் கணக்கில் 2480 பெருக்கல் 3508 பிக்சல். அச்சுக்கு அது தேவை. திரைக்கு டிபிஐ எண்ணால் ஒரு வேலையும் இல்லை. 72 என்று போட்டாலும் 300 என்று போட்டாலும் பிரௌசர் பார்ப்பது பிக்சல் எண்ணிக்கையை மட்டும்தான்.

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 பெருக்கல் 4000. அதை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் பிக்சல்களின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. எந்த வடிவமும் தராத மிச்சம் இது. இன்றைய கைபேசித் திரைகளின் அகலம் பெரும்பாலும் 1100, 1300 பிக்சலைச் சுற்றித்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் 1600 அகலத்தில் ஒன்று, பட்டியலில் சிறிதாகத் தெரிய 800 அகலத்தில் ஒன்று என இரண்டு படங்கள் போதும் என்று முடிவுசெய்தேன்.

'சேலம் குண்டு' என்ற இரண்டு சொற்கள்

மாம்பழப் பெட்டி லேபிளிலிருந்து தொடங்குகிறேன். மஞ்சள் தரை, அதன் மேல் இரத்தச் சிவப்பில் 'சேலம் குண்டு' என்ற மாம்பழ ரகத்தின் பெயர், ஓரத்தில் ஒரு பச்சை இலை. மொத்தமே நான்கைந்து நிறங்கள்தான்.

இதை ஜேபெக்கில் சேமித்து, 800 அகலத்தில், திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ண் எழுத்தின் சுழிகள் அடைபட்டு, சிவப்பு மை தண்ணீரில் கசிந்ததுபோல மஞ்சளுக்குள் இறங்கியிருக்கும். மேலே உள்ள புள்ளி வட்டமாக இல்லாமல் ஒரு மங்கிய கறையாக நிற்கும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோலச் சிறு சிறு புள்ளிகள் வேறு.

காரணம் ஜேபெக் செயல்படும் முறையிலேயே இருக்கிறது. 1992-இல் தரப்படுத்தப்பட்ட அந்த வடிவம் படத்தை 8 பெருக்கல் 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்க்கும். அதைப் பயன்படுத்தி, நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்வது இதில் வழக்கம். 4:2:0 என்று குறிப்பது இதைத்தான். மலையையும் முகத்தையும் எடுத்த புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது. மஞ்சள்மேல் சிவப்பு எழுத்தில் உடனே தெரிந்துவிடும். சுழியும் கொம்பும் புள்ளியுமாக இருக்கும் நம் எழுத்துக்கு ஆங்கில எழுத்தைவிட அடி அதிகம். நிறத்தைக் குறைக்காத 4:4:4 அமைப்பில் சேமித்தால் ஜேபெக்கிலும் கசிவு பெருமளவு குறைகிறது. கோப்பு சற்றுப் பெரிதாகும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் இந்த அமைப்பை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

அதே லேபிளைப் பிஎன்ஜியில் சேமித்தேன். 1996-இல் வந்த இந்த வடிவம் ஒரு பிக்சலையும் இழக்காமல் சுருக்குகிறது. ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடங்களை மிக எளிதாகச் சுருக்கிவிடும். நான்கைந்து நிற லேபிளுக்கு முழு நிறப் பட்டியல்கூடத் தேவையில்லை. 256 நிறங்களுக்குள் அடங்கும் 8 பிட் பிஎன்ஜி போதும். ண் எழுத்தின் சுழிகள் திறந்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றன. கோப்பும் ஜேபெக்கைவிடச் சிறியதாக வந்தது. பிஎன்ஜி என்றாலே கனம் என்று நினைத்திருந்தவன் நான். தட்டையான வடிவமைப்புக்கு அந்த நினைப்பு தவறு.

வெப்பியில் இழப்பில்லாத முறை என்று ஒன்று தனியாக இருக்கிறது. பிஎன்ஜியைவிட 26 சதவீதம் வரை சிறிதாகும் என்று அதை உருவாக்கிய கூகுள் சொல்கிறது. என் லேபிள்களில் அது பிஎன்ஜியை எப்போதும் முந்தியது. ஆனால் வெப்பியின் சாதாரண, இழப்புள்ள முறையில் 4:2:0 மட்டுமே உண்டு, மாற்ற வழியில்லை. அதனால் லேபிளை வெப்பியில் சேமிக்கும்போது 'இழப்பில்லாத' என்ற பெட்டியில் குறி போட்டிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போட மறந்தால் பழைய கசிவு திரும்பிவிடும்.

லேபிள், விசிட்டிங் கார்டு, திருமண அழைப்பிதழ், கடைப் பலகை போன்ற எழுத்து மிகுந்த வேலைகள் எல்லாம் எனக்கு இழப்பில்லாத வெப்பிதான். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

கொலுசு

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுகளைப் படமெடுத்துத் தொகுப்பில் போடாத சேலத்து வடிவமைப்பாளர் குறைவு. வெள்ளியைப் படமாக்குவதே ஒரு வேலை என்றால், அதைச் சுருக்குவது இன்னொரு வேலை. சாம்பல் நிறத் தரை ஓரத்தில் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டே போகும். நடுவில் கொலுசு. ஒவ்வொரு சலங்கை முத்தின் உச்சியிலும் ஊசி முனையளவு வெள்ளை ஒளி. திருகாணிக்குப் பக்கத்தில் முடிபோன்ற செதுக்குக் கோடுகள். ஒரே படத்தில் வழவழப்பும் பொடி நுணுக்கமும் சேர்ந்திருக்கின்றன. சுருக்கும் எந்த முறைக்கும் இது கடினமான சோதனை.

சேமிக்கும்போது தரம் என்று ஒரு எண்ணை நாம் கொடுக்கிறோம்; எண் குறையக் குறையக் கோப்பு சிறிதாகும், படமும் கெடும். ஜேபெக் தரத்தை 60-க்கு இறக்கியபோது சாம்பல் தரை சதுரம் சதுரமாகப் பிரிந்தது. முத்துகளைச் சுற்றி அழுக்கு வளையம் தெரிந்தது. 85-இல் இரண்டுமே மறைந்தன. புகைப்படங்களில் வெப்பி, ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறிதாகும் என்பது கூகுளின் கணக்கு. கொலுசுப் படங்களில் மிச்சம் கண்கூடாகவே கிடைத்தது. வெப்பியில் சதுரங்கள் தெரியவில்லை. அதற்குப் பதில், தரையின் மெல்லிய நிழல் மாற்றம் படிப்படியாக, வயல் வரப்புபோலப் பட்டை பட்டையாகத் தெரியத் தொடங்கியது. சேமிக்கும் முன் தரையின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மணல்போன்ற சிறு புள்ளிகளை (நாய்ஸ்) தூவினால் பட்டைகள் மறைகின்றன. கொலுசின்மேல் படாமல் தரைக்கு மட்டும் தூவ வேண்டும். கோப்பு கொஞ்சம் கூடும். கூடட்டும்.

ஏவிஃப் மூன்றிலும் மிகச் சிறியதாக வந்தது. தரை பட்டுப்போல இருந்தது. மகிழ்ச்சியோடு பெரிதாக்கிப் பார்த்தால் திருகாணிப் பக்கத்துச் செதுக்குக் கோடுகளைக் காணோம். வழித்துத் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அதிகம் இறுக்கும்போது பொடி நுணுக்கங்களை மென்மையாக்கிவிடுவது ஏவிஃபின் இயல்பு. பார்ப்பவருக்குக் குறை என்று தோன்றாது, அழகாகவே இருக்கும். ஆனால் அந்தக் கோடுகளைப் பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். அதைக் காட்டத்தான் என்னைப் படமெடுக்கச் சொன்னார்கள். அதை அழித்துவிட்டு 50 கேபி மிச்சம் பிடித்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொலுசுக்கு வெப்பி, தரம் 82.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். வெள்ளிப் பட்டறையில் எடுத்த படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினால், வெள்ளி இருக்கும் இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சேமிக்கும்போது இந்த உள்தகவல்களை நீக்கிவிடுங்கள். இது அழகு சம்பந்தப்பட்டது இல்லை. வேலை கொடுத்தவரின் பாதுகாப்பு.

காபிப் பொட்டலமும் சேலையும்

ஏற்காட்டு வாடிக்கையாளருக்குப் பின்னர் நான் செய்த பொட்டலத்தில் ஏவிஃப் தன் பெருமையைக் காட்டியது. கரும்பழுப்பு, ஏறக்குறைய கருப்பு. மேலே போகப் போக விடியற்காலை மூடுபனிபோல வெளுக்கும். இப்படிப்பட்ட இருண்ட நிறச் சரிவுதான் ஜேபெக்குக்கும் வெப்பிக்கும் எமன். இரண்டும் ஒரு நிறத்துக்கு 8 பிட்டோடு, அதாவது 256 படிகளோடு நின்றுவிடுகின்றன. ஏவிஃப் 10 பிட் வரைக்கும், ஏன் 12 பிட் வரைக்கும் போகும். 10 பிட் என்றால் 1024 படிகள். 16 பிட்டில் வைத்திருந்த மூலக் கோப்பிலிருந்து நேரே 10 பிட் ஏவிஃபுக்கு மாற்றியதில் மூடுபனி மூடுபனியாகவே இருந்தது.

ஏவிஃபின் தடை பழைய கைபேசிகள். குரோம் 2020-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-லும் சஃபாரி 2022-லும்தான் இதைத் திறக்கத் தொடங்கின. ஐஃபோன் 7 போன்றவை ஐஓஎஸ் 15 என்ற இயங்குதளப் பதிப்போடு நின்றுவிட்டதால் அவற்றில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். நான் தப்பிக்க நினைத்த அதே வெள்ளைக் கட்டம்! அதனால் ஏவிஃப் போடும் இடத்தில் பின்துணையாக வெப்பி, அதற்கும் பின்னால் ஜேபெக் என்று அடுக்கி, எதைத் திறக்க முடியுமோ அதைப் பிரௌசரே எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். பக்கத்தைத் தானே எழுதத் தெரிந்தவருக்கு இது ஐந்து வரி. தெரியாதவர் ஏவிஃபை விட்டுவிட்டு வெப்பியோடு நிற்பதே நல்லது. வெப்பியைச் சஃபாரியும் 2020 முதல் திறக்கிறது. ஜேபெக் எக்ஸ்எல் என்ற வடிவத்தைச் சிலர் புகழ்கிறார்கள். சஃபாரி 2023-இல் அதை ஏற்றது; அதே ஆண்டு குரோம் தன் சோதனை ஆதரவையும் எடுத்துவிட்டது. எல்லார் கையிலும் திறக்கும் காலம் வரும்வரை அதை நான் தொடமாட்டேன்.

சேலத்துக்குப் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையின் சேலைப் படங்கள்தான் என்னை அதிக நேரம் உட்காரவைத்தன. நெசவு இழை என்பது சீரான, நெருக்கமான கோடுகள். படத்தைச் சிறிதாக்கும்போது இழையின் இடைவெளியும் பிக்சலின் இடைவெளியும் மோதி, இல்லாத அலைகள் சேலையின்மேல் ஓடுகின்றன. எந்த வடிவமும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் இது சுருக்குவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. நான் கண்ட வழி: முழுச் சேலையைச் சற்று மென்மையாக்கிவிட்டு 1600-க்குக் குறைப்பது, ஜரிகையும் இழையும் தெரிய வேண்டிய இடத்துக்கு முந்தானையின் ஒரு மூலையை மட்டும் தனிப் படமாக, குறைக்காமல் வெட்டி வைப்பது. இழைப் படத்துக்கு நான் இன்னமும் தரம் 88-இல் ஜேபெக்கையே வைத்திருக்கிறேன். புதிய வடிவங்கள் இழையை வழவழப்பாக்கும்போது பருத்தி, பாலியெஸ்டர்போலத் தெரிகிறது. கனம்தான். ஆனால் சேலை வாங்க வருபவர் கண் அங்கேதான் போகும்.

ஜவ்வரிசிப் பொட்டலம்போலத் தரையை நீக்கி வெட்டியெடுத்த படங்களில் ஜேபெக்குக்கு வேலையே இல்லை. ஒளி ஊடுருவும் தரையை அது ஏற்காது. பிஎன்ஜி ஏற்கும், புகைப்படம் என்பதால் கனத்துவிடும். வெப்பி, படத்தை இழப்போடும் வெட்டிய ஓரத்தைச் சுத்தமாகவும் வைத்துக்கொள்ளும். இந்த ஒரு வேலைக்காகவே வெப்பியைக் கற்றுக்கொள்ளலாம்.

லோகோவும் எழுத்துருவும்

லோகோவுக்கு எஸ்விஜி என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். அது பிக்சல் இல்லை, கோடுகளின் கணக்கு. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. எளிய லோகோ சில கேபிக்குள் அடங்கிவிடும். தமிழ் வடிவமைப்பாளர் மட்டும் ஒரு பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். நம் அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அந்த எழுத்தை எழுத்தாகவே விட்டு எஸ்விஜி எடுத்தால், எழுத்துரு இல்லாத கைபேசியில் கடைப்பெயர் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அச்சகத்தார் "கர்வ் போட்டு அனுப்புங்கள்" என்று சொல்வது இணையத்துக்கும் பொருந்தும். கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ எழுத்தைக் கோடாக மாற்றிய பிறகே எஸ்விஜி எடுங்கள்.

ஆனாலும் வாடிக்கையாளர்களின் லோகோவை நான் எஸ்விஜியில் ஏற்றுவதில்லை. அந்தக் கோப்பை எடுப்பவர் கையில் அச்சடிக்கத் தகுந்த மூலமே போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய அடையாளம் அது. 800 அகலத்தில் இழப்பில்லாத வெப்பி போதும். என் பெயர்ச் சின்னம் மட்டும் எஸ்விஜி.

வாடிப்போன மஞ்சள்

வடிவத்தைவிட என்னை அதிகம் நோகவைத்தது நிறம். மாம்பழப் பெட்டியைப் பழங்களோடு எடுத்த படம் ஒன்றை, என் கணினியில் தளதளவென்று பார்த்து ஏற்றினேன். பெட்டிக்காரர் தன் கைபேசியில் பார்த்துவிட்டு, "பழம் வாடிப்போன மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது சரி. நிறங்களை எண்களாகக் குறிக்கும் முறையை நிறவெளி என்பார்கள். படம் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் இருந்தது; கோப்பைச் சிறிதாக்கும்போது நிறக் குறிப்பையும் சேர்த்து நீக்கியிருந்தேன். குறிப்பு இல்லாத படத்தைப் பிரௌசர், இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் மஞ்சளின் உயிர் போய்விட்டது. அச்சுக்காகச் சிஎம்ஒய்கேயில், அதாவது நான்கு அச்சு மைகளின் நிறக் கணக்கில், செய்த வேலைக்கும் இதே கவனம் வேண்டும். வெப்பி சிஎம்ஒய்கேயை ஏற்பதே இல்லை, மாற்றும் கருவி தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும். இப்போதெல்லாம் முதல் வேலையாக எஸ்ஆர்ஜிபிக்கு நானே மாற்றி, கண்ணால் சரிபார்த்த பிறகுதான் அளவைக் குறைக்கிறேன்.

ஜேபெக்கை முற்றிலும் கைவிட முடியாத இடம் இன்னொன்று: இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தெரியும் சிறு முன்னோட்டப் படம். சேலத்தில் என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் என்னை முதலில் பார்ப்பது அந்தச் சதுரத்தில்தான். அதற்கு 1200 பெருக்கல் 630 அளவில் சாதாரண ஜேபெக். புதிய வடிவங்களை அங்கே சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சொந்தத் தளம் இல்லாமல், தொகுப்பு வெளியிடும் சேவைகளில் ஏற்றுபவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவை தாமாகவே மறுபடி சுருக்குவது வழக்கம். ஏற்கெனவே இறுக்கியதை மேலும் இறுக்கினால் கொலுசு கரிக்கட்டையாகிவிடும். அங்கே அவர்கள் கேட்கும் அகலத்தில், உயர்ந்த தர ஜேபெக்கோ பிஎன்ஜியோ கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். இணையதளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளை வைத்திருப்பவர்கள் 2021 முதல் வெப்பியும் 2024 முதல் ஏவிஃபும் ஏற்றலாம். எஸ்விஜியை அது தானாக ஏற்காது.

எல்லாம் மாற்றி முடித்த வாரம், கைபேசியோடு சேலத்திலிருந்து ஏற்காட்டு பஸ்ஸில் ஏறினேன். அடிவாரம் தாண்டியதும் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஆறாவது கொண்டை ஊசி வளைவில் பக்கத்தைத் திறந்தேன். 'சேலம் குண்டு' உடனே வந்தது, சுழிகள் திறந்தபடி. அடுத்து கொலுசு. பத்தாவது வளைவுக்குள் காபிப் பொட்டலம் மூடுபனியோடு வந்து நின்றது. முந்தானை மூலைப் படம் மட்டும் பதினான்காவது வளைவு வரைக்கும் பாதியிலேயே நின்றது. அந்த ஒன்றை 86-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். இழை நிற்குமா என்று இன்று இரவு தெரிந்துவிடும்.